மேவில் வாரியத்தின் வரிச் சீட்டு: 1932க்கு முன் டர்பன் புறநகரை ஆண்டவர்கள் யார்?

மேவில் பேரன்

அன்பர்களுக்கு வணக்கம். சென்ற மாதம் பெரியப்பாவின் வீட்டைக் காலி செய்தபோது, என் பூட்டனாரின் தகர டிரங்குப் பெட்டியில், கலியாணப் பத்திரிகைகளுக்கும் கோயில் நன்கொடைச் சீட்டுகளுக்கும் அடியில், மடிப்பு விழுந்த வரி ரசீது ஒன்று கிடைத்தது. அதன் தலைப்பில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கார்ப்பரேஷனின் பெயர் இல்லை. மேவில் உள்ளாட்சி, சுகாதார வாரியம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரே அச்சாகியிருந்தது. அதே பெட்டியில் இருந்த பிந்திய ரசீதுகளில் அந்தப் பெயர் மறைந்து கார்ப்பரேஷனின் பெயர் வந்துவிடுகிறது. நிலம் அதேதான், வரி கட்டியவரும் அவரேதான்.

எனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். டர்பனுக்கு 1854இல் நகராட்சி அமைந்தது, அதன் முதல் மேயர் ஜார்ஜ் கேட்டோ. நாம் காட்டோ மேனர் என்று வழங்கும் நிலப்பரப்பு அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பழைய நகர எல்லைக்கு வடக்கே உம்கேனி ஆறும், தெற்கே உம்பிலோ ஆறும், மேற்கே பெரியா மேட்டின் முகடும் வரம்புகளாக இருந்தன. முகட்டைத் தாண்டி மேற்கே இறங்கும் சரிவில்தான் மேவிலும் காட்டோ மேனரும் இருக்கின்றன. 1932இல் அந்த எல்லை விரிக்கப்பட்டபோது மேவிலோடு சிடன்ஹாம், கிரீன்வுட் பார்க், உம்லாதுசானா, சௌத் கோஸ்ட் ஜங்ஷன் ஆகிய புறநகர் அமைப்புகளும் டர்பனுக்குள் கரைந்தன. ஏறத்தாழ 13 சதுர மைலாக இருந்த நகரம் ஒரே வீச்சில் ஐந்து மடங்குக்கும் மேலாகப் பரந்தது.

பெரியப்பா உயிரோடு இருந்தவரை, வாரியம் இருந்த காலம்தான் நம்முடைய சனங்களுக்கு நல்ல காலம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வாழைத்தோட்டமும் சொந்த வீடுமாக வாழ்ந்த குடும்பத்தைக் கார்ப்பரேஷன் வந்துதான் நெருக்கியது என்பது அவர் கட்சி. அவர் சொன்னது சரியா என்று அறிந்துகொள்ள விரும்புகிறேன். அந்த வாரியம் உண்மையில் எதற்காக இருந்தது, அது போனதால் நாம் இழந்தது என்ன என்பதை அறிந்தவர்கள் எழுதினால் பெரும் உதவியாக இருக்கும்.

பழைய கணக்கர்

தம்பிக்கு வணக்கம். பல ஆண்டுகள் வரிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், ரசீது என்றாலே எனக்குக் கண் அங்கே போய்விடும். அந்தத் தாளை நல்ல உறையில் போட்டு வெயில் படாமல் வையுங்கள். ஒட்டும் டேப் எதையும் அதன் மேல் போட வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு விடை சொல்ல, நம்மவர்கள் முகட்டுக்கு அப்பால் குடியேறியது ஏன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, 1911இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்படும் வரை வந்தவர்களில் பலர், ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறி நகரத்தின் ஓரத்தில் துண்டு நிலத்தைக் குத்தகைக்கோ விலைக்கோ பிடித்தார்கள். பழைய பண்ணைகள் மனைகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்ட இடங்களில், வாங்குகிறவர் யார் என்று விற்றவர்கள் அதிகம் பார்க்கவில்லை. நகர எல்லைக்குள் வீடு கட்டக் கட்டட விதிகள் இருந்தன, மனை விலையும் வரியும் கூடுதல். எல்லைக்கு வெளியே பலகையும் தகரமும் கொண்டு தன் கையாலேயே ஒரு வீட்டை எழுப்பிக்கொள்ளலாம், பின்புறத்தில் வாழையும் கீரையும் மிளகாயும் போடலாம், விடியும் முன்னே கூடையைச் சுமந்துகொண்டு முகட்டின் மேல் ஏறி இறங்கினால் நகரச் சந்தையில் விற்றுவிட்டு வரலாம். சந்தைக்கு எட்டிய தூரமும் விதிகளுக்கு எட்டாத தூரமும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது.

இன்னொரு காரணத்தையும் மறக்கக் கூடாது. 1922இல் நேட்டால் மாகாண சபை இயற்றிய ஒரு சட்டம், டர்பன் நகராட்சி தன் நிலத்தை விற்கும்போது வாங்குபவரின் இனத்தைப் பார்த்து நிபந்தனை போட இடம் கொடுத்தது. ஆகவே நகராட்சிக்குச் சொந்தமான மனைகளில் வெள்ளையர் மட்டுமே வாங்கவோ குடியிருக்கவோ முடியும் என்ற நிலை பல இடங்களில் வந்தது. நகரத்துக்குள் வழி அடைபடும்போது வெளிப்புறச் சரிவுகளில் நெருக்கம் கூடத்தானே செய்யும்?

அப்படிக் கூடிய நெருக்கத்தைச் சமாளிக்க ஏற்படுத்தப்பட்ட சிறிய அமைப்புகள்தாம் இந்த வாரியங்கள். பெயரிலேயே சுகாதாரம் என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். குப்பை, கழிவு, நோய்த் தடுப்பு, பாதை ஆகியவையே அவற்றின் முதல் கவலை. கையில் பணம் குறைவு. தம் எல்லைக்குள் பெரிய தொழிற்சாலைகளும் கடைத் தெருக்களும் வரி கட்டினால்தானே ஒரு நகராட்சியின் கஜானா நிறையும்? ஏழைத் தோட்டக்காரர்களும் சில வசதியான பங்களாக்காரர்களும் கட்டும் வரியைக் கொண்டு குழாய்த் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் மின்சாரமும் கொடுப்பது அந்த வாரியங்களால் ஆகக்கூடிய காரியமாக இருக்கவில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், தம்பி. பெரியப்பா வாரியம் நம்முடையது போலப் பேசியிருக்கலாம். அது நம்முடையது அன்று.

சிடன்ஹாம் ஆசிரியை

கணக்கர் ஐயா கடைசியில் சொன்ன வரியை நான் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் முழு வரலாறும் அங்கேதான் இருக்கிறது.

வாக்குரிமை நம்மிடமிருந்து ஒரே நாளில் பறிக்கப்படவில்லை. முதலில் 1896இல் நேட்டால் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை போயிற்று. அந்தச் சட்டத்தில் இந்தியர் என்ற சொல்லே கிடையாது. நாடாளுமன்ற வாக்குரிமையின் அடிப்படையில் அமைந்த ஆட்சி இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்களுடைய வழிவந்தோருக்கும் வாக்கு இல்லை என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். அந்த முயற்சியை எதிர்க்கத்தான் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1894 ஆகஸ்ட் மாதத்தில், நேட்டால் இந்தியர் காங்கிரஸ் தொடங்கப்பட்டது. எனினும் நகராட்சி வாக்கு அப்போது எஞ்சியிருந்தது. சொத்து வைத்திருந்த இந்தியர் சிலர் டர்பன் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள்.

1924இல் வந்த மாகாணச் சட்டம் அதையும் அடைத்துவிட்டது. அது செய்த வேலை மிக எளிமையானது: நாடாளுமன்ற வாக்குரிமை உள்ளவர்களே இனி நகராட்சி வாக்காளராகச் சேரலாம் என்றது. 1896இல் வைத்த பூட்டுக்கு 1924இல் இன்னொரு கதவையும் மாட்டினார்கள். ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்கள் சாகும்வரை இருக்கலாம், புதியவர்கள் யாரும் சேர முடியாது. அதையொட்டி வந்த இன்னொரு சட்டம் சிறு நகரியங்களுக்கும் இதே தடையைக் கொண்டுபோயிற்று.

இப்போது 1932ஐப் பாருங்கள். எல்லை விரிந்தபோது பல்லாயிரம் இந்தியர்கள் டர்பனுக்குள் வந்தார்கள், அவர்களில் சொந்த நிலம் உள்ளவர்கள் ஏராளம். 1924க்கு முன் இந்த விரிவு நடந்திருந்தால், அந்த நிலமே அவர்களை வாக்காளர்களாக ஆக்கியிருக்கும். எட்டு ஆண்டுகள் பிந்தி நடந்ததால் அவர்கள் வரி செலுத்துவோராக மட்டுமே உள்ளே வந்தார்கள். மேவில் வாரியம் போனதை நான் பெரிய இழப்பாக எண்ணவில்லை. நகரத்தின் கதவு திறப்பதற்கு முன்பே நம் கையிலிருந்து வாக்கு போய்விட்டிருந்தது என்பதே என்னை வருத்துகிறது. சிடன்ஹாமில் எங்கள் வீட்டிலும் ரசீது கட்டுகள் இருந்தன. வாக்காளர் அட்டை ஒன்றும் இருந்ததில்லை.

கிளேர்வுட்காரர்

அக்கா எழுதியதை மறுக்க வரவில்லை. ஆனால் மேவிலைப் பற்றி மட்டும் பேசினால் தெற்குப் பக்கத்தின் கதை மறைந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். நான் பிறந்த கிளேர்வுட், சௌத் கோஸ்ட் ஜங்ஷன் என்ற பழைய ஆட்சிப் பகுதிக்குள் இருந்தது. ரயில் பாதைகள் பிரியும் சந்திப்பின் பெயரே ஊரின் ஆட்சிக்கும் பெயராயிற்று.

முதலில், வாரியக் காலத்தை நல்ல காலம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவது வேறு, அக்கறையோடு ஆள்வது வேறு. என் ஆயா சொன்ன கதைகளில், மழைக்காலத்தில் பாதை சேறாகிவிட்டால் வண்டி வராது, மருத்துவச்சியை அழைக்க ஆள் ஓட வேண்டும், தண்ணீருக்குக் கிணறும் ஓடையும்தான். தாழ்நிலத்தில் ஏழைகள் குடியிருந்தால் என்ன நடக்கும் என்பதை உம்கேனி ஆறு 1917 அக்டோபரில் காட்டியது. ஸ்பிரிங்பீல்டு தாழ்நிலத்தில் குடியிருந்த நம்மவர்கள் நூற்றுக்கணக்கில் வெள்ளத்தில் மாண்டார்கள். அன்று வலை மீனவர்களான படவட்டானும் அவருடைய கூட்டாளிகளுமாக ஆறு பேர் ஒரு படகைக் கொண்டு திரும்பத் திரும்ப வெள்ளத்துக்குள் போய் 170க்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள். இன்றுவரை டர்பனில் அவர்களை அறுவர் என்றே சொல்லிப் போற்றுகிறோம். ஆறு பேருடைய துணிவால் அத்தனை உயிர்கள் மீண்டன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கூடவே, அந்தத் தாழ்நிலத்தில் அவர்கள் குடியிருக்க நேர்ந்தது ஏன் என்ற கேள்வியும் எழுகிறது.

இரண்டாவது, டர்பன் நகராட்சி 1932இல் நம் நலம் கருதி எல்லையை விரிக்கவில்லை. துறைமுகத்தைச் சுற்றித் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. குடாவின் தலைப்பகுதியிலும் அதற்குத் தெற்கேயும் தட்டையான நிலம் இருந்தது, ரயில் பாதை பக்கத்திலேயே இருந்தது. தொழிற்சாலை வைக்க அதைவிட நல்ல இடம் ஏது? நகர எல்லைக்கு வெளியே தொழிற்சாலை வந்தால் வரி வேறு யாருக்கோ போகும். ஆகவே நிலத்தையும் வரியையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டியிருந்தது. சேரியிலிருந்து நோய் நகரத்துக்குள் வந்துவிடும் என்ற அச்சமும், புறநகர் வெள்ளையர்கள் தங்களுக்குத் தண்ணீரும் விளக்கும் வேண்டும் என்று கேட்டதும் அதோடு சேர்ந்துகொண்டன. 1929இல் எல்லை ஆணைக்குழு இதைப் பற்றி ஆராய்ந்தபோது இவை எல்லாமே மேசையின் மேல் இருந்தன.

அதன் பலனைப் பார்க்க வேண்டுமானால் இன்று கிளேர்வுட்டுக்கு வாருங்கள். சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது, கொடியேற்றம் இருக்கிறது, காவடி இருக்கிறது. சுற்றிலும் கனரக லாரிகளும் கிடங்குகளும். தொழிற்பகுதியாக்கும் திட்டத்தை எதிர்த்து எங்கள் பெரியவர்கள் பல பத்தாண்டுகள் மனுக் கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள். வாக்கில்லாத மனுவுக்கு எவ்வளவு எடை இருக்கும் என்பதை அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

மேவில் பேரன்

மூவருக்கும் நன்றி. 1924 என்ற ஆண்டை நான் இதற்கு முன் இந்தக் கதையோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஆனால் பெரியப்பாவின் பேச்சை முழுதாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. 1932க்குப் பிறகு குடும்பம் நெருக்கப்பட்டது என்பது உண்மைதானே? பலகை வீட்டோடு ஓர் அறையைச் சேர்த்துக் கட்டவும் வரைபடம் கேட்டார்கள், வரி ஏறியது, விளக்கும் சாக்கடையும் பல ஆண்டுகள் வரவில்லை என்று அவர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தேன். வாரியம் நம்முடையது அன்று என்றே வைத்துக்கொள்வோம். அது வலுவற்றதாக இருந்ததே நம்மவருக்குப் பாதுகாப்பாக இருந்தது என்று சொல்லலாமா?

பழைய கணக்கர்

சொல்லலாம், பாதி அளவுக்கு. வலுவற்ற வாரியத்தால் உங்களுக்கு நன்மை செய்யவும் முடியாது, உங்களைத் துரத்தவும் முடியாது. வலுவான நகராட்சியால் இரண்டும் முடியும். எதைச் செய்யும் என்பதைத் தீர்மானிப்பவர் வாக்காளர்.

1932க்குப் பின் இரண்டே ஆண்டுகளில், 1934இல், நாடாளுமன்றம் சேரி ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. ஓர் இடத்தைச் சேரி என்று அறிவித்து நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் நகராட்சிகளுக்குக் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் சாலையும் சாக்கடையும் போடாமல் பல ஆண்டுகள் விட்டுவைத்து, பிறகு அந்தக் குறைகளையே காரணமாகக் காட்டி நிலத்தைக் கேட்பது எவ்வளவு எளிது என்பதை எண்ணிப் பாருங்கள். சட்டம் பொதுவானது, ஆனால் டர்பனில் அதன் அடி பெரும்பாலும் இந்தியர்களின் நிலத்தின் மேல்தான் விழுந்தது. அதற்கு முன்பே, 1927ஆம் ஆண்டின் கேப்டவுன் உடன்படிக்கையில், இந்த நாட்டில் தங்கிவிடும் இந்தியர்களின் வாழ்வை உயர்த்துவோம் என்று அரசு ஒப்புக்கொண்டிருந்தது. வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இங்கே வந்து அந்த வாக்குறுதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவுகளைத் தட்டினார். சாஸ்திரி கல்லூரி அந்த உழைப்பில் எழுந்தது. டர்பனைச் சுற்றியிருந்த இந்தியர் குடியிருப்புகளின் சுகாதாரத்தையும் ஆராய்ந்தார்கள். எங்கே என்ன குறை என்பது அரசுக்கும் நகராட்சிக்கும் 1932க்கு முன்பே தெரிந்திருந்தது.

தம்பி, இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த இழை நேர்மையாக இருக்காது. காட்டோ மேனரில் நம்முடைய நில உடைமையாளர்கள் பலர் தங்கள் நிலத்தில் ஆப்பிரிக்கர்களுக்குக் குடிசைபோட இடம் வாடகைக்கு விட்டார்கள். தோட்ட வருமானத்தைவிட அது மிகுதி. ஸூலு மக்கள் அந்த இடத்தை உம்கும்பானே என்ற ஓடையின் பெயரால் அழைத்தார்கள். வாரியக் காலத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத அந்தக் குடிசைகள், 1932இல் நகர எல்லைக்குள் வந்த அன்றே விதிமீறல்களாகிவிட்டன. அந்த மக்களுக்கு வாரியத்திலும் வாக்கில்லை, நகராட்சியிலும் வாக்கில்லை, நிலத்தை வாங்கும் வழியும் இல்லை. நமக்கு ரசீதாவது மிஞ்சியது. 1949 ஜனவரியில் டர்பனில் மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள், அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். காட்டோ மேனர் மிகக் கடுமையாக அடிபட்ட இடங்களில் ஒன்று. எட்டாத உயரத்தில் இருந்தவர்கள் எழுதிய விதிகளுக்குள் இரண்டு ஏழைச் சமூகங்கள் வீட்டுக்காரராகவும் குடியிருப்பவராகவும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வாழ்ந்தன. வாரியக் காலத்தை நினைவுகூரும்போது வாடகை கட்டியவர்களின் நினைவு எப்படி இருக்கும் என்பதையும் நாம் எண்ண வேண்டும்.

சிடன்ஹாம் ஆசிரியை

ஐயா இதை எழுதியதற்கு நன்றி. வகுப்பில் இந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுக்கும்போது என் குரல் தடுமாறுவதுண்டு, ஆனாலும் விட்டுவிடக் கூடாது.

நிலமும் வாக்கும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பதற்கு 1946ஐயும் சொல்ல வேண்டும். 1943இல் டர்பனில் இந்தியரும் வெள்ளையரும் ஒருவரிடமிருந்து ஒருவர் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1946இன் சட்டம் அதை நிலைப்படுத்தி நேட்டால் முழுவதும் விரித்தது, அதற்கு ஈடுபோல் வெள்ளையர்களையே பிரதிநிதிகளாகத் தேர்ந்தெடுக்கும் ஒரு குறை வாக்கை நீட்டியது. நம்மவர்கள் அந்த வாக்கைத் தொடவில்லை. டாக்டர் மாண்டி நாயக்கர் தலைமையில் நேட்டால் இந்தியர் காங்கிரஸ் அந்த ஆண்டு ஜூன் மாதம் அறப்போரைத் தொடங்கியது. உம்பிலோ சாலையும் கேல் தெருவும் சேரும் மூலையில், இந்தியர்க்குத் தடுக்கப்பட்ட வெற்று மனையில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். வாக்கை வாங்கிக்கொண்டு நிலத்தை விடு என்றதற்கு இரண்டையும் முழுதாகக் கொடு என்று பதில் சொன்னார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள்.

பீனிக்ஸ் வாசி

இந்த இழையை அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பம் ஸ்பிரிங்பீல்டு டின் டவுனிலிருந்து வந்தது. 1976 மார்ச்சில் மறுபடியும் உம்கேனி பொங்கி அந்தத் தகர வீடுகளை அழித்தபின், புதிதாகத் தொடங்கிய பீனிக்ஸுக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். கிளேர்வுட் அண்ணன் 1917ஐச் சொன்னபோது, ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் அதே தாழ்நிலத்தில் அதே மக்கள் இருந்ததை எண்ணினேன். அதற்குள் 1932 வந்து போயிருந்தது, டர்பன் 1935இல் மாநகரமும் ஆகியிருந்தது.

வாரியம் மறைந்தபின் எங்களுக்கு வேறு எந்த அமைப்பு இருந்தது என்று சிலர் கேட்கலாம். 1960களில் இந்தியர் பகுதிகளுக்கென உள்ளூர் விவகாரக் குழுக்களை ஏற்படுத்தினார்கள். அவை ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. வெருலமும் இசிப்பிங்கோவும் இந்தியர்களே நடத்தும் நகரசபைகளாக விடப்பட்டன, ஆனால் தொழிலும் வணிகமும் தரும் பெரிய வரி டர்பனிடமே இருந்தது. அப்பா அந்த வகைக் குழு ஒன்றின் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, நாற்காலி இருக்கிறது, மேசை இருக்கிறது, பேனா இல்லை என்று சொன்னார். முழு வாக்கோடு உள்ளாட்சித் தேர்தல் எங்கள் மாகாணத்துக்கு 1996 ஜூன் 26இல்தான் வந்தது. அப்போது டர்பன் பெருநகரின் கீழ் ஆறு உள்ளூர் சபைகள் இருந்தன. அவையும் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் எத்தெக்வினி என்ற ஒரே மாநகருக்குள் கலந்துவிட்டன.

அன்று 1932இல் கலந்ததற்கும் 2000இல் கலந்ததற்கும் வேறுபாடு இருக்கிறது. 2000இல் அம்மா வரிசையில் நின்று வாக்குப் போட்டார். சபை பெரிதாகிவிட்டது, உறுப்பினர் தொலைவாகிவிட்டார் என்று இன்று நாங்கள் குறைப்படுகிறோம், சரிதான். ஆனால் குறைப்பட்டுவிட்டு அடுத்த தேர்தலில் மாற்றிப் போடும் உரிமையும் எங்களிடம் இருக்கிறது.

கிளேர்வுட்காரர்

பீனிக்ஸ் தம்பி சொன்னது மனத்தில் தைக்கிறது. மேவில் பேரனுக்கு ஒரு கேள்வி: உங்கள் பூட்டனாரின் நிலம் பிறகு என்னவாயிற்று?

மேவில் பேரன்

1958இல் காட்டோ மேனரின் பெரும்பகுதி, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1960களில் எங்கள் குடும்பமும் இந்தியர்களுக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வர்த் குடியிருப்புக்குப் போயிற்று. வீட்டை இடித்தபின் அந்தச் சரிவு நெடுங்காலம் புல் முளைத்துக் கிடந்தது. நான் சிறுவனாக இருந்தபோது அப்பா பெல்லேர் சாலைக் கோயிலுக்கு அழைத்துப்போய்விட்டுத் திரும்பும் வழியில் காரை நிறுத்தி, மாமரம் ஒன்றைக் காட்டி, அதுதான் நம் கொல்லைப்புறம் என்பார்.

அந்தக் கோயிலும் இதே வரலாற்றைச் சுமந்துகொண்டிருக்கிறது. 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த ஆலயத்தை 1905ஆம் ஆண்டின் வெள்ளம் கொண்டுபோயிற்று. பிறகு வேறிடம் மாறி, 1947இல் பெல்லேர் சாலையில் இப்போதைய உம்பிலோ ஸ்ரீ அம்பலவாணர் ஆலயம் அமைந்தது. பழைய ஆலயத்தின் மரக் கதவுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் வீடுகள் இடிபட்டபோதும் கோயில் நின்றது, சாட்ஸ்வர்த்திலிருந்தும் பீனிக்ஸிலிருந்தும் பேருந்து பிடித்து வந்து தீமிதித்தார்கள். செகண்ட் ரிவர் கோயில் என்றால் இன்றும் எல்லோருக்கும் தெரியும். குடியிருந்தவர்கள் போனபின்னும் அவர்கள் ஊர் எது என்பதை அந்தக் கோயில்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பெரியப்பாவோடு இனிமேல் வாதிட முடியாது. முடிந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: நீங்கள் நல்ல காலம் என்று சொன்னது வாரியத்தின் கொடை அன்று, பூட்டனார் தன் முதுகெலும்பால் சம்பாதித்தது. வாரியம் அதைப் பிடுங்கும் வலு இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பழைய கணக்கர்

அந்த ரசீதுகளின் மதிப்பைப் பற்றி ஒரு சொல். நில மீட்பு உரிமைச் சட்டம் 1994இல் வந்தபோது, 1913 ஜூன் 19க்குப் பிறகு இனச் சட்டங்களால் நிலம் இழந்தவர்கள் கோரலாம் என்றார்கள். பட்டா பதிவு பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் இருக்கும். ஆனால் வாடகைக்கோ குத்தகைக்கோ இருந்தவர்களின் பெயர் பத்திரத்தில் இராது. பழைய ரசீதும் கடிதமும் பள்ளிச் சேர்க்கைச் சீட்டும்தான் அவர்களுக்குச் சான்று. ஆகவே இதை ஒரு குடும்பத்தின் தாள் என்று மட்டும் எண்ண வேண்டாம். மறைந்துபோன வாரியங்களின் கதையில் மக்கள் பக்கத்துத் தாள்கள் மிகக் குறைவு. நிர்வாகக் கோப்புகள் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும், அவற்றில் நம்மவர்கள் சுகாதாரப் பிரச்சினையாக மட்டுமே தோன்றுவார்கள்.

சிடன்ஹாம் ஆசிரியை

குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி லுத்துலி ஆவண மையம் நம் சமூகத்தின் இத்தகைய தாள்களைத் தொகுத்துப் பேணுகிறது. மூலத்தைக் கொடுக்க மனமில்லை என்றால் நகலாவது கொடுங்கள். ரசீதின் பின்பக்கத்தையும் படமெடுக்க மறவாதீர்கள். பெரியவர்கள் பலர் அங்கேதான் கணக்கெழுதுவார்கள்.

மேவில் பேரன்

சிடன்ஹாம் அம்மா சொன்னபின்தான் ரசீதைத் திருப்பிப் பார்த்தேன். பூட்டனார் பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறார், எழுத்து மங்கியிருக்கிறது: 'போடு வரி கட்டியாச்சு. வாழை நாலு தார் வித்தது.' போடு என்பது போர்டு, அதாவது வாரியம். அவருடைய கையெழுத்தை என் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

வரும் சனிக்கிழமை எல்லாத் தாள்களையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யப் போகிறேன். கிளேர்வுட் அண்ணனிடம் சௌத் கோஸ்ட் ஜங்ஷன் காலத்து ரசீது ஏதேனும் இருந்தால் கொண்டுவாருங்கள், ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம். சிடன்ஹாம் அம்மா வீட்டுக் கட்டையும் சேர்த்துக்கொண்டால் மூன்று வாரியங்களின் தாள்கள் ஒரே உறையில் மையத்துக்குப் போகும்.

கிளேர்வுட்காரர்

ஆயாவின் பெட்டியில் இரண்டு இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறேன்.